வரலாற்று வகுப்பைத் திட்டமிடுதல்: 9, 10ஆம் வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை ஒரே பாடத்தைச் சுற்றி வருகின்றன: 1806 ஜூலை 10 அன்று நடந்த வேலூர்க் கிளர்ச்சி. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் வரும் பாடம் இது. பொதுவாக ஆலோசனை சொல்வதைவிட ஒரு பாடத்தை முழுதாகப் பிரித்துக் காட்டினால் மற்ற பாடங்களுக்கும் அந்த முறை கைவரும். 45 நிமிடப் பாடவேளை, 40 முதல் 50 மாணவர்கள், ஒரு கரும்பலகை, அருகில் ஒரு ஜெராக்ஸ் கடை. இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறோம்.

ஒரு பாடத்தைத் திட்டமிட உட்கார்ந்தால் முதலில் எதை எழுதுவது?

ஒரு கேள்வியை எழுதுங்கள். "வேலூர்க் கிளர்ச்சி, பக்கம் இதுமுதல் இதுவரை" என்று பாடக்குறிப்பில் எழுதினால் அது பக்கக் கணக்கு மட்டுமே. "ஒரு தலைப்பாகைக்காகவா சிப்பாய்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள்?" என்று எழுதிவிட்டால் எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம், மாணவர் கையில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே காட்டிவிடும்.

நல்ல கேள்வியை மூன்று விதத்தில் சோதிக்கலாம். அதற்குக் குறைந்தது இரண்டு நியாயமான விடைகள் இருக்க வேண்டும். பாடநூலில் உள்ள செய்திகளைப் பயன்படுத்தாமல் விடை சொல்ல முடியக் கூடாது. பாடவேளை முடியும்போது சராசரி மாணவர் ஐந்து வரியில் விடை எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். "கிளர்ச்சியின் காரணங்கள் யாவை?" என்பது முதல் சோதனையிலேயே தோற்கும், ஏனென்றால் அதற்கு விடை ஒரு பட்டியல்தான். "சிப்பாய்கள் செய்தது சரியா?" என்பது இரண்டாவதில் தோற்கும். புத்தகத்தைத் திறக்காமலேயே எல்லோரும் கருத்துச் சொல்லிவிடலாம்.

வேறு பாடங்களிலிருந்து ஓர் உதாரணம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி ராஜாஜி கைதானார். தஞ்சை ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்திருந்தார். இதில் கேட்க வேண்டிய கேள்வி: "உப்பு அள்ளியவர்களைப் பிடித்தால் போதாதா, சோறு போட்டவர்களை ஏன் மிரட்ட வேண்டும்?" இதற்கு விடை தேடும் மாணவர், மக்கள் இயக்கம் என்றால் என்ன என்பதைத் தானே கண்டுபிடிப்பார்.

45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் உண்மையில் இருப்பது 38 நிமிடம். மணி அடித்து, வருகை எடுத்து, முந்தைய பாடத்தின் நோட்டுகள் உள்ளே போக ஏழு நிமிடம் ஆகிவிடும்.

வேலூர்ப் பாடத்துக்கு: கேள்வியைப் பலகையில் எழுதி முதல் ஊகங்களைக் கேட்க 4 நிமிடம். பின்னணியைச் சொல்ல 8 நிமிடம். குழுக்கள் காரண அட்டைகளோடு வேலை செய்ய 14 நிமிடம். பொது விவாதம் 7 நிமிடம். தனித்தனியாக எழுத 5 நிமிடம்.

பெரும்பாலான வகுப்புகள் சறுக்குவது அந்த எட்டு நிமிடத்தில்தான். பின்னணி சொல்லத் தொடங்கினால் ஹைதர் அலி வரை போய்விடத் தோன்றும். விஷயம் தெரிந்த ஆசிரியருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பின்னணிக்கு ஆறே வாக்கியங்களை முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார், அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், அதே கோட்டையில் ஆங்கிலேயப் படையும் சென்னைப் படையின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள், சிப்பாய்க்குப் புதிய உடை விதிகள் வந்தன, 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். மீதியை அட்டைகள் சொல்லட்டும்.

எழுதும் ஐந்து நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மணி அடிக்கப் போகிறது என்றால் விவாதத்தைச் சுருக்குங்கள். எழுதாமல் கலைந்த வகுப்பில், பேசிய ஆறு பேரைத் தவிர மற்றவர்களுக்கு என்ன புரிந்தது என்று தெரியவே தெரியாது.

காரண அட்டைகள் என்றால் என்ன, எப்படித் தயாரிப்பது?

ஒரு ஏ4 தாளில் பத்துக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு செய்தி எழுதி, குழுவுக்கு ஒரு தாள் வீதம் ஜெராக்ஸ் எடுத்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். 48 பேர், நாலு பேருக்கு ஒரு குழு என்றால் 12 தாள். வெட்டிய அட்டைகளைப் பழைய திருமணப் பத்திரிகைக் கவரில் போட்டு எண் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டும் பயன்படும். ஒரு அட்டையில் 20 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

வேலூர்ப் பாடத்துக்கான பத்து அட்டைகள் இவை. திப்பு இறந்தபின் அவர் குடும்பம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. மைசூரிலிருந்து வந்த பலர் வேலூரைச் சுற்றிக் குடியேறினர். 1801க்குள் பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய் எவ்வளவு காலம் உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் உயர முடியாது, புதிதாக வந்த ஆங்கிலேய இளம் அதிகாரிக்கும் அவர் கீழ்தான். சீருடையில் இருக்கும்போது நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடி மழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோல் குஞ்சம் வைத்த, தொப்பி போன்ற புதிய தலைப்பாகை கட்டாயமானது. 1806 மே மாதம் எதிர்த்த சிப்பாய்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினர். ஜூனில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி முன்கூட்டியே சொன்னார், அவரைப் பைத்தியம் என்று அடைத்தனர். மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால் ஜூலை 9 இரவு சிப்பாய்கள் கோட்டைக்குள்ளேயே தங்கினர். பத்தாவது: மைசூரின் புலிக்கொடி கோட்டையில் ஏற்றப்பட்டது.

அந்தப் பத்தாவது அட்டை வேண்டுமென்றே வைத்த பொறி. அது காரணமல்ல, கிளர்ச்சியின்போது நடந்தது. ஆனால் "திப்பு வம்சத்தை மீட்பதும் நோக்கமாக இருந்தது" என்பதற்கு அது சான்றாக முடியும். காரணம் வேறு, காரணத்துக்கான சான்று வேறு என்பதை மாணவர் உணரும் இடம் இதுதான். இந்த ஒரு விவாதத்துக்காகவே பாடத்தை நடத்தலாம்.

வேலையை மூன்று சுற்றாகக் கொடுங்கள். முதல் சுற்றில் அட்டைகளைக் காலப்படி மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும்: பல ஆண்டுகளாக இருந்தவை, அந்த ஆண்டு நேர்ந்தவை, அந்த இரவில் நேர்ந்தவை. இதற்கு 4 நிமிடம். இரண்டாம் சுற்றில் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டதாகத் தோன்றும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே பென்சிலால் அம்புக்குறி போட்டு, "எப்படி?" என்று ஒரு வரி எழுத வேண்டும். குறைந்தது மூன்று அம்பு, 6 நிமிடம். மூன்றாம் சுற்றில் ஒரு அட்டையை எடுத்துவிட வேண்டும். அது இல்லாவிட்டாலும் கிளர்ச்சி நடந்திருக்குமா? 4 நிமிடம்.

அட்டை வேலையில் என்ன தவறாகப் போகும்?

முதலாவது, எல்லாக் குழுவும் தலைப்பாகை அட்டையை எடுத்து மேலே வைத்துவிடும். பாடநூலில் அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அப்போது, "அதே உத்தரவு மற்ற ஊர்ப் படைகளுக்கும் போனதே, வேலூரில் மட்டும் ஏன் கோட்டையையே பிடித்தார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள். விடையை நீங்கள் சொல்லக் கூடாது.

இரண்டாவது, குழுவில் ஒருவரே எல்லா அட்டையையும் வைத்துக்கொள்வார். சீட்டு பகிர்வதுபோல் அட்டைகளைப் பகிர்ந்து, தன் அட்டையைத் தானே உரக்கப் படித்து வைக்க வேண்டும் என்று விதி போட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ஆறு பேர் கொண்ட குழு. ஆறில் இரண்டு பேர் கட்டாயம் வேடிக்கை பார்ப்பார்கள். நாலு பேர் போதும். பெஞ்சை நகர்த்த இடமில்லாவிட்டால் முன் பெஞ்சு இருவர் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

மாணவர்களுக்கு முதன்மைச் சான்றுகள் புரியாதே, கல்வெட்டையும் பழைய கடிதத்தையும் எப்படிக் கொடுப்பது?

முழுதாகக் கொடுக்க வேண்டாம். 60 முதல் 100 சொற்கள் வரை உள்ள பகுதியாக எடுத்து, வரிகளுக்கு எண் போட்டு, கடினமான சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் பொருள் எழுத வேண்டியிருந்தால் வேறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இடையில் விட்ட இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். சான்றை எளிதாக்குவதும் மாற்றுவதும் ஒன்றல்ல என்று மாணவருக்கும் தெரிய வேண்டும். தலைப்பில் யார், யாருக்கு, எப்போது, எதற்காக எழுதினார் என்ற நான்கும் கட்டாயம்.

ஒரு பாடவேளைக்கு இரண்டு சான்றுகள், அதிகபட்சம் மூன்று. ஒன்றுக்கொன்று முரண்படுபவை கிடைத்தால் மிக நல்லது. வேலூருக்கு உடை உத்தரவையும், பிற்காலத்தில் எழுதிய ஒரு விளக்கத்தையும் பக்கத்தில் பக்கம் வைக்கலாம். உத்தரவில் உள்ள சொற்கள் ஒழுங்கையும் ஒரே தோற்றத்தையும் பற்றி மட்டும் பேசும், மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. "எழுதியவருக்கு ஒழுங்காகத் தெரிந்தது, படித்தவருக்கு ஏன் அவமானமாகத் தெரிந்தது?" என்று கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டபொம்மன் பாடம் எடுக்கும்போது திரைப்பட வசனத்தை மாணவர்கள் உணர்ச்சியோடு சொல்வார்கள். தடுக்க வேண்டாம், ரசியுங்கள். ஆனால் அடுத்த நிமிடமே "இதை அவர் சொன்னார் என்று நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். வசனம் எழுதியவரின் காலமும் கட்டபொம்மனின் காலமும் வேறு என்பது அந்த இடத்தில் பதிந்தால் சான்று என்பது என்னவென்று மறக்காது.

பொதுத்தேர்வு இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தினால் புத்தகத்தை முடிக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். ஓர் அலகுக்கு ஒரு பாடவேளை இப்படி நடத்தினால் போதும். மற்றவற்றை நேரடியாகச் சொல்லிக் கொடுங்கள். தெளிவாகக் கதைபோல் சொல்லும் நல்ல விரிவுரையில் எந்தக் குறையும் இல்லை.

நேரம் மிச்சப்படும் இடங்கள் உண்டு. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தனிப் பாடவேளை ஒதுக்காமல், அடுத்தடுத்த வகுப்புகளின் முதல் மூன்று நிமிடத்தில் ஐந்தைந்தாகக் கேட்டுவிடலாம். விடைகளைப் பலகையில் எழுதிப் போட்டு நகலெடுக்க வைக்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

அட்டை வேலை தேர்வுக்கு நேரடியாகவே உதவும் என்பதைப் பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் சொல்லுங்கள். மாணவர் அடுக்கிய மூன்று அடுக்கும் அப்படியே நெடுவினாவின் உட்தலைப்புகள்: நீண்டகாலக் காரணங்கள், உடனடிக் காரணம், கிளர்ச்சியின் போக்கு. அதன்பின் விளைவுகளைச் சேர்த்தால் விடை முடிந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையை மீட்டார். புதிய உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். மனப்பாடம் செய்த மாணவருக்கு நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். தானே அடுக்கியவர் எந்த இடத்திலிருந்தும் பிடித்துக்கொள்வார்.

ஆண்டுகள் நினைவில் நிற்பதே இல்லை. காலக்கோடு வரைந்தாலும் பயனில்லையே?

காலக்கோட்டை அளவுகோல் இல்லாமல் வரைவதால்தான். ஐந்து நிகழ்ச்சிகளைச் சம இடைவெளியில் குறித்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது வரிசைப் பட்டியல், காலக்கோடு ஆகாது. 1795 முதல் 1810 வரை 15 சென்டிமீட்டர் கோடு போடச் சொல்லுங்கள், 1 செ.மீ. ஓர் ஆண்டு. அதில் 1799 மே 4 திப்புவின் வீழ்ச்சி, 1799 அக்டோபர் 16 கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, 1801 அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது, 1806 ஜூலை 10 வேலூர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

வரைந்து முடித்ததும் மாணவர்களே கேட்பார்கள்: முதல் இரண்டும் அரை செ.மீ.கூட விலகவில்லையே, வேலூர் மட்டும் ஏன் தள்ளி நிற்கிறது? மைசூர்ப் போர் முடிந்த கையோடு ஆங்கிலேயர் பாளையங்கள் பக்கம் முழுக் கவனத்தையும் திருப்ப முடிந்தது என்பதை அந்த அரை சென்டிமீட்டரே விளக்கிவிடும். இடையிலுள்ள வெற்றிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் உடை உத்தரவு வந்த 1805 நவம்பர் அங்கே போய் உட்காரும்.

ஓர் அலகுக்கு ஐந்து ஆண்டுகளை மட்டும் நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை "அதற்கு முன்னா, பின்னா, எவ்வளவு?" என்று அவற்றோடு கட்டிவிடலாம். காலக்கோடும் வரைபடமும் தேர்விலும் வருபவை என்பதால் இந்தப் பயிற்சி வீண்போகாது.

நடித்துக் காட்டும் வகுப்புகள் கூச்சலில் முடிகின்றன. நடத்தலாமா, விட்டுவிடலாமா?

வசனம் பேசும் நாடகத்தைக் குறையுங்கள், விதிமுறையை நடத்திப் பாருங்கள். இதற்கு உத்திரமேரூர் மிகப் பொருத்தம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, பொது ஆண்டு (பொ.ஆ.) 919, 921ஐச் சேர்ந்தவை, ஊர்ச் சபையின் வாரிய (குழு) உறுப்பினர்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. விதிகள் மிகத் துல்லியமாக இருப்பதால் வகுப்பறையில் அப்படியே நடத்த முடியும்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் ஆறு குடும்பு போதும், ஒன்றில் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். அதில் வயது, வரி செலுத்தும் நிலம் எவ்வளவு, சொந்த மனையில் வீடு உண்டா, கல்வி, கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தாரா, கணக்கு காட்டினாரா என்று ஆறு வரி. பிறகு 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள், பொருந்தாதவர் உட்கார வேண்டும். கால்வேலி நிலம் இல்லாதவர் உட்காரலாம், ஆனால் அரைக்கால் வேலி இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரையும்) கற்றவர் நிற்கலாம். சொந்த மனையில் வீடு இல்லாதவர், 35 வயதுக்குக் கீழோ 70க்கு மேலோ உள்ளவர், மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் எல்லோரும் உட்கார வேண்டும். சீட்டுகளைச் சரியாகத் தயாரித்திருந்தால் 45 பேரில் பத்துப் பேர் நிற்பார்கள். குடும்புக்கு ஒருவராவது நிற்கிறாரா என்று முன்கூட்டியே சரிபாருங்கள், இல்லாவிட்டால் குடத்தில் போட ஓலை இருக்காது.

நிற்பவர் பெயரைக் காகித ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட்டுக் குலுக்கி, வகுப்பிலேயே வயதில் சிறியவரை எடுக்கச் சொல்லுங்கள். அப்படித் தேர்ந்தெடுத்த 30 பேரில் ஊரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்று தனி வாரியம் வைத்த ஊர் எதை நம்பி வாழ்ந்தது என்று கேட்க மறக்காதீர்கள்.

இதில் கடைசிப் பத்து நிமிடம்தான் உயிர்நாடி. "நீங்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றைக்கும் வேண்டும் என்பார்கள். நிலமில்லாதவரை விலக்கிய விதியை எதிர்ப்பார்கள். இது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதையும், பெண்களும் அந்த ஊரில் உழைத்து வாழ்ந்த மற்றவர்களும் இந்தக் குடத்துக்கு வெளியே இருந்தார்கள் என்பதையும் ஆசிரியர் தன் வாயால் தெளிவாகச் சொல்ல வேண்டும். சீட்டில் சாதியோ தொழிலோ எழுதக் கூடாது. ஒரு மாணவர் கையில் அப்படி ஒரு சீட்டு விழுந்தால் அது வகுப்போடு நிற்காது, மைதானம் வரை போகும். பெருமைப்பட வேண்டியதும் கேள்வி கேட்க வேண்டியதும் ஒரே கல்லில் இருக்கின்றன. இரண்டையும் காட்டுங்கள்.

எந்த நிகழ்ச்சியை நடிக்க வைக்கக் கூடாது?

படுகொலை, தூக்கு, அடிமை விற்பனை, தீண்டாமை, பிரிவினைக் கலவரம். பாதிக்கப்பட்டவராக நடிக்கும் மாணவர் அவமானப்படுவார், தாக்குபவராக நடிப்பவர் சிரிப்பார். வேலூர்க் கோட்டைக்குள் நடந்த கொலைகளும், பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் படித்து அறிய வேண்டியவை.

தலைவர்களைச் சாதியோடு சேர்த்துச் சொந்தம் கொண்டாடுவது பல ஊர்களில் வகுப்பறைக்குள்ளும் வருகிறது. யாராவது அப்படிச் சொன்னால் அதட்டாமல், "அவர் என்ன செய்தார், யாரோடு சேர்ந்து செய்தார்?" என்று செயலுக்கும் கூட்டணிக்கும் பேச்சைத் திருப்புங்கள். வேலு நாச்சியாருக்கு ஹைதர் அலி உதவியதும், வேலூர்ச் சிப்பாய்களில் இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகக் கசையடி பட்டதும் பாடத்திலேயே இருக்கும் விடைகள்.

கீழடிப் பாடத்துக்கு வகுப்பிலேயே அகழாய்வு நடத்திக் காட்ட முடியுமா?

முடியும், அரை மணி நேர வேலை. ஆழமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அடியில் களிமண், நடுவில் ஆற்று மணல், மேலே செம்மண் என்று 5 செ.மீ. வீதம் மூன்று அடுக்கு. அடி அடுக்கில் உடைந்த மண்சட்டித் துண்டுகள். அவற்றில் இரண்டில் பழைய தமிழ் எழுத்தான தமிழியில் "ஆதன்" என்று ஆணியால் கீறுங்கள், கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் உள்ள பெயர் அது. நடு அடுக்கில் ஒரு பழைய காசு, மேல் அடுக்கில் பேனா மூடி.

மாணவர்கள் புதையல் தேடுவதுபோல் கையை விட்டுத் துழாவினால் அடுக்குகள் கலந்துவிடும், பாடமும் போய்விடும். கரண்டியும் பழைய பெயின்ட் பிரஷும் கொடுங்கள். எதையும் வெளியே எடுக்குமுன் ஸ்கேலால் ஆழத்தை அளந்து தாளில் குறிக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. கடைசியில் ஒருவர் காசை மட்டும் கையில் பிடித்துக் காட்டட்டும், ஆழம் தெரியாமல் அதன் காலத்தைச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிதான் பொ.ஆ.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்டது. ஆழத்தை ஏன் அவ்வளவு கவனமாகக் குறித்தார்கள் என்பது அப்போது புரியும்.

உள்ளூர் வரலாற்றை எப்படிச் சேர்ப்பது?

வீட்டிலிருந்தே தொடங்கலாம். பழைய திருமணப் பத்திரிகை, பழைய ரேஷன் அட்டை, பட்டா, பேருந்துச் சீட்டு எல்லாம் சான்றுகள்தான். 40 ஆண்டுக்கு முந்தைய ஒரு திருமணப் பத்திரிகையையும் இந்த ஆண்டுப் பத்திரிகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மொழி, படிப்பு, பயணம், பெண்ணின் பெயரை எழுதும் விதம் என்று எத்தனையோ மாற்றங்கள் தெரியும். மொய் நோட்டு இன்னும் வளமான சான்று, ஆனால் யார் எவ்வளவு எழுதினார் என்பது குடும்ப விஷயம். பெயர்களை மறைக்காமல் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

முதியவர்களைப் பேட்டி எடுக்கும் பணி கொடுத்தால் எட்டுக் கேள்விக்குள் நிறுத்துங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "நீங்க பத்தாவது படிக்கிறப்போ பள்ளிக்கூடத்துக்கு எதில் போனீங்க, தாத்தா? மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் கொட்டும். இராமேசுவரம் பக்கம் 1964 டிசம்பர் புயல், கடலோர மாவட்டங்களில் 2004 சுனாமி என்று ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்வு இருந்தால் மூன்று பேரின் நினைவுகளை ஒப்பிடச் சொல்லலாம். வேறுபாடு வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் நின்ற இடம் வேறு. துக்கத்தைக் கிளறும் என்று தோன்றினால் அந்தக் கேள்வியை விட்டுவிட மாணவருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு நடுகல் பக்கத்திலேயே கிடைக்கும். படம் வரையலாம், அளக்கலாம், புகைப்படம் எடுக்கலாம். சுண்ணாம்போ மஞ்சளோ பூசி எழுத்தைத் தெரியவைக்க முயலக் கூடாது.

களப்பயணத்தில் பிள்ளைகள் செல்ஃபி மட்டும் எடுக்கிறார்கள்.

பார்க்க வேண்டியதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் அதுதான் நடக்கும். முந்தைய நாளே ஆறு பணிகள் கொண்ட ஒரு தாள் கொடுங்கள். வேலூர்க் கோட்டை என்றால்: அகழி எத்தனை பக்கம் சுற்றுகிறது, உள்ளே வர வழி எத்தனை, மதில்மேல் நின்றால் எவ்வளவு தூரம் தெரிகிறது, உள்ளே எந்தெந்த மதங்களின் வழிபாட்டிடங்கள் உள்ளன, அரண்மனைகள் இருக்கும் இடத்துக்கும் வாயிலுக்கும் எவ்வளவு நடை, கடைசியாக "இந்தக் கோட்டையை உள்ளே இருந்தவர்கள் பிடித்தது எளிதா, வெளியே இருந்து வந்தவர் மீட்டது எளிதா?" இரண்டு மணி நேரம் போதும். விடுமுறை நாளைப் பாருங்கள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை.

மெல்லக் கற்போருக்குத் தனியாக என்ன செய்வது?

கேள்வியை எளிதாக்காதீர்கள், ஏணி கொடுங்கள். அவர்கள் குழுவுக்குப் பத்துக்குப் பதில் ஆறு அட்டை. எழுதும்போது தொடக்கச் சொற்கள்: "சிப்பாய்கள் கிளர்ந்ததற்கு முக்கியக் காரணம் ... ஏனெனில் ... இதை ... என்ற செய்தி காட்டுகிறது." படிக்கத் திணறும் மாணவருக்கு அட்டையைப் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படிக்கலாம். சிந்திப்பது அவருடைய வேலையாகவே இருக்கட்டும்.

வீடியோ, ஸ்மார்ட் போர்டு?

நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒலியை நிறுத்திவிட்டு ஒரு காட்சியில் நிறுத்தி "இங்கே என்ன தவறு இருக்கலாம்?" என்று கேட்கப் பயன்படுத்துங்கள். மின்சாரம் போனாலும் நடக்கக்கூடிய வகுப்பாகத் திட்டமிடுங்கள்.

பாடம் போய்ச் சேர்ந்ததா என்று அன்றே எப்படித் தெரியும்?

கடைசி ஐந்து நிமிடத்தில் கால் தாளில் இரண்டு வரி: இன்றைய கேள்விக்கு என் விடை, அதை மாற்றிக்கொள்ள வைக்கக்கூடிய செய்தி எது? மதிப்பெண் போட வேண்டாம். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: காரணமும் சான்றும் சொன்னவர்கள், காரணம் மட்டும் சொன்னவர்கள், பாடநூல் வரியை அப்படியே எழுதியவர்கள். 45 தாளுக்குப் பத்து நிமிடம் ஆகும். மூன்றாம் குவியல் பாதிக்கு மேல் இருந்தால் பின்னணியை நீங்கள் அதிகம் பேசிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டாம் குவியல் பெரிதாக இருந்தால் அடுத்த வகுப்பைத் தொடங்கும்போது முதல் குவியலிலிருந்து இரண்டு தாள்களைப் பெயர் சொல்லாமல் படித்துக் காட்டி, தங்கள் விடையில் ஒரு "ஏனெனில்" சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.